எண்ணூறுக்குப் பிறகு: சுசுகி நிறுவனத்தாருக்குத் தக்கலையிலிருந்து ஒரு திறந்த மடல்

ஜப்பானின் ஹமாமட்சு நகரிலுள்ள சுசுகி மோட்டார் நிறுவனத்தின் இயக்குநர் குழுவினருக்கும், மாருதி சுசுகி இந்தியா நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே, நெடுஞ்சாலையை விட்டு ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஓர் ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். கூட்டுறவு வங்கியொன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 1994-ஆம் ஆண்டில் உங்கள் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வெள்ளை நிற மாருதி 800 ஒன்று 1998 முதல் என்னிடம் இருக்கிறது, இன்றும் ஓடுகிறது. 2024-இல் ஐயாயிரம் ரூபாய் கட்டி நான்காம் முறையாக அதன் பதிவைப் புதுப்பித்தேன். 2022 ஏப்ரலுக்கு முன்பு இதற்கான கட்டணம் அறுநூறு ரூபாய்தான் என்பதைக் கணக்கர் என்ற முறையில் குறித்துவைக்கிறேன். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

மடல் எழுதத் தூண்டியவள் என் அக்காள் மகள். நாகர்கோவிலில் செவிலியராக வேலை பார்க்கிறாள். இரவுப் பணி முடிந்து இரண்டு பேருந்து மாறி வீடு வருவது முடியாமல் போனதால், கடன் வாங்கியாவது ஒரு கார் எடுக்க வேண்டும் என்று வந்து நின்றாள். "சித்தி, உங்க எண்ணூறு மாதிரி ஒரு வண்டி இப்ப கிடைக்குமா?" என்பதுதான் அவள் கேட்ட கேள்வி. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி, ஒரு வாரம் பல நிறுவனங்களின் விற்பனை நிலையங்களை ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் இளைஞர்கள் மரியாதையாகப் பேசினார்கள். தொடுதிரை எத்தனை அங்குலம் என்று சொன்னார்கள். மாதத் தவணையைக் கைப்பேசியிலேயே போட்டுக் காட்டினார்கள். இருபது ஆண்டு கழித்து இந்த வண்டி நின்றுபோனால் எங்கள் பக்கத்தில் யார் இதைத் திறந்து பார்ப்பார் என்று நான் கேட்டபோது, அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. அந்தக் கேள்வியைத்தான் இப்போது உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

உங்கள் நிறுவனத்தின் வரலாற்றைப் படித்தபோது என் மனத்தில் ஆழப் பதிந்தது கார் பற்றிய செய்தி அன்று. 1887-இல் ஹமாமட்சுவில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்து, தச்சு வேலை பழகிய மிச்சியோ சுசுகி, 1909-இல் தறி செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார் என்பதும், 1920-இல் அது தறி உற்பத்தி நிறுவனமாகப் பதிவானது என்பதுமே அந்தச் செய்தி. என் தாய்வீடு இரணியல் பக்கம். கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. சிறு வயதில் தறிச் சத்தத்தைக் கேட்டுத்தான் எங்களுக்குப் பொழுது விடியும். தறியில் ஒரு கட்டை உடைந்தால் நெசவாளி வேறு ஊருக்கு ஆள் அனுப்பிப் பார்த்ததில்லை. அடுத்த தெருத் தச்சர் வருவார், அளவெடுப்பார், மாலைக்குள் தறி மீண்டும் பேசத் தொடங்கும். நெசவாளியும் ஊர்த் தச்சரும் சேர்ந்து சரிசெய்ய முடியாத தறியை எவரும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தறி செய்தவர்கள் பின்னாளில் கார் செய்தபோது அந்த அறிவு எங்கோ உள்ளே இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனால் பட்டறையில் அந்த 800-இன் முன்மூடியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வருவதுண்டு.

1952-இல் மிதிவண்டியில் பூட்டும் சிறிய எஞ்சின், 1955-இல் 360 சிசி எஞ்சினுடன் சுசுலைட் என்ற சிறு கார் என்று தொடங்கிய உங்கள் பாதை, ஜப்பானியர் 'கெய்' என்றழைக்கும் சிறு கார் வகையைச் சார்ந்தே வளர்ந்தது. நீளத்துக்கும் அகலத்துக்கும் எஞ்சினுக்கும் அரசு வரம்பு வைத்து, அந்த வரம்புக்குள் அடங்கும் வண்டிக்கு வரிச்சலுகை தந்த ஏற்பாடு அது. இன்றைக்கும் அந்த வகைக் கார் 1.48 மீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது. 1978-இல் தலைவராகப் பொறுப்பேற்ற ஒசாமு சுசுகி, மறு ஆண்டே ஆல்டோவை 4,70,000 யென் விலைக்கு விற்றுக் காட்டினார். சரக்கு வண்டிப் பிரிவில் பதிவு செய்து, பயணியர் காருக்கான பண்ட வரி விழாதபடி பார்த்துக்கொண்டதும் அந்த விலைக்கு ஒரு காரணம். வரிச் சட்டத்தைக் கரைத்துக் குடித்த மனிதர் என்று ஒரு கணக்கருக்கு அவர்மீது தனி மதிப்பு வருவது இயல்பு. 2024 டிசம்பர் 25 அன்று தொண்ணூற்று நான்காம் வயதில் அவர் மறைந்த செய்தியைப் படித்தபோது, என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் வண்டியைத்தான் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

அந்த 1.48 மீட்டரைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுக்கு வரும் முடுக்கு இரண்டு வெட்டுக்கல் மதில்களுக்கு நடுவே ஆறரை அடி அகலம் கொண்டது. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இப்படிப்பட்ட ஆயிரம் முடுக்குகள் உண்டு. தோட்டத்துக்கு நடுவே வீடும், வீட்டைச் சுற்றி மதிலும், மதில்களுக்கு இடையே மிஞ்சியது வழியும் என்பதுதான் இங்கத்திய ஊர் அமைப்பு. 1,440 மில்லிமீட்டர் அகலமுள்ள 800 அதில் நுழைந்தால் இருபுறமும் ஒரு சாணுக்குச் சற்று மேல் இடம் இருக்கும். இன்றைய ஆல்டோ கே10-இன் அகலம் 1,490, அதுவும் வந்துவிடும். 1,790 மில்லிமீட்டர் அகலமுள்ள உங்கள் பிரெஸ்ஸா வந்தால் இருபுறமும் ஐந்து விரற்கடைக்குமேல் மிஞ்சாது. பக்கக் கண்ணாடிகளை மடக்கியாக வேண்டும், வழியில் நின்றுவிட்டால் கதவைத் திறந்து இறங்கவும் முடியாது. ஹமாமட்சுவின் சந்துகளை நினைத்து வகுத்த அளவு எங்கள் ஊர் முடுக்குக்குப் பொருந்திப்போனது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலால்தான் இந்த ஊரில் பாதி வீடுகளின் வாசலுக்குக் கார் என்ற ஒன்று வந்து சேர்ந்தது.

இந்தியக் கதை உங்களுக்குத் தெரிந்ததே, சுருக்கமாகக் கடக்கிறேன். 1971-இல் தொடங்கிய பழைய மாருதி நிறுவனம் கார் செய்ய முடியாமலே மூடப்பட்டது. அரசு அதை எடுத்துக்கொண்டு 1981-இல் மாருதி உத்யோக் என்று புதிதாக அமைத்தது. தமிழ்நாட்டில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி தலைமை ஏற்று நடத்திய அந்த நிறுவனத்தோடு 1982 அக்டோபரில் 26 விழுக்காட்டுப் பங்குக்குக் கையெழுத்திட்டவர்கள் நீங்கள். 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் இந்திரா காந்தி கொடுத்தார். தொழிலாளியும் மேலாளரும் ஒரே சீருடையில் ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிட்டார்கள் என்பது அந்நாளில் எங்கள் வங்கிக் கிளையில் வியப்போடு பேசப்பட்ட செய்தி. எங்கள் மேலாளர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றபோது இந்தியாவில் சுமார் 27 லட்சம் மாருதி 800 விற்றிருந்தன. அவற்றுள் ஒன்றைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

என் கணவர் அப்போது மஸ்கட்டில் இருந்தார். இந்த மாவட்டத்தில் கணவர் வளைகுடாவில் இருக்கும் வீட்டில் வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம், கல்யாணம், துக்கம் எல்லாவற்றுக்கும் ஓடவேண்டியவள் மனைவிதான். நாகர்கோவிலில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் நான்கு வருடம் ஓட்டிய காரை என் கணவர் அனுப்பிய பணத்தில் வாங்கி, முப்பத்து மூன்றாம் வயதில் மார்த்தாண்டத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பயிற்சிப் பள்ளியில் அந்தத் தொகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வண்டி எடை சுமார் 650 கிலோ, ஸ்டியரிங் கைக்கு அடங்கியது, நாலு கியர், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை எப்போது இழுக்க வேண்டும், எப்போது தள்ள வேண்டும் என்பதைத் தவிர மனப்பாடம் செய்ய வேறொன்றும் இருக்கவில்லை. ஒரு பெரிய வண்டியாக இருந்திருந்தால் நான் கற்றிருப்பேனா என்பது எனக்கு ஐயமே.

வாங்கிய நாளிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். மீட்டர் 41,000-இல் வாங்கினேன். இன்று 2,59,000-ஐத் தாண்டிவிட்டது. மொத்தச் சராசரி லிட்டருக்கு 16.4 கிலோமீட்டர். திருவனந்தபுரம் போய்வந்தால் 18 வரை கிடைக்கும். பேச்சிப்பாறைக்கு ஏறினால் பதின்மூன்றரைக்கு இறங்கிவிடும். கிளட்ச் பிளேட் நான்கு முறை. எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டன் வளையம் மாற்றியது 1,63,000-இல் ஒரே முறை. ரப்பர் ஷீட்டும் மட்டிப்பழக் குலையும் சக்கை என்று நாங்கள் சொல்லும் பலாவும் அதன் பின்பக்கத்தில் போயிருக்கின்றன. ஒரே ஒரு முறை, என் தம்பியின் பேச்சைக் கேட்டு, ஒட்டுப்பால் மூட்டையை, அதாவது மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர் பாலை, ஏற்றினேன். அந்த நாற்றம் வண்டியை விட்டுப் போக மூன்று மாதமாயிற்று. ரப்பர் தோட்டத்துப் பக்கம் வாழ்கிறவர்களுக்கு மட்டுமே இதன் முழுப் பொருள் விளங்கும்.

எங்கள் பகுதியில் காருக்குப் பெரும்பகை உப்பும் மழையும். குளச்சல், மணவாளக்குறிச்சி, தேங்காப்பட்டணம் என்று கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அடித்தகடு இற்றுப்போவது எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும் விதி. மழையோ தென்மேற்கிலும் வரும், வடகிழக்கிலும் வரும். நெஞ்சளவு நம்பிக்கையோடு முழங்காலளவு தண்ணீரில் ஒரு ஐப்பசி மாதம் நான் வண்டியை இறக்கி, குழித்துறைக்குப் பக்கத்தில் நின்றுபோனேன். தவறு முழுக்க என்னுடையதே. அங்கே டீக்கடையில் நின்ற ஒரு பையன் முன்மூடியைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, தன் தோள் துண்டால் துடைத்து மாட்டினான், வண்டி கிளம்பிவிட்டது. அவன் மெக்கானிக் இல்லை, ஆட்டோ ஓட்டுகிறவன். என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "இதுக்கெல்லாமா அக்கா காசு?" என்று சொல்லிவிட்டுப் பாதியில் விட்ட டீயைக் குடிக்கப் போய்விட்டான்.

நான் சொல்ல வந்தது முழுவதும் அந்தத் துண்டில் இருக்கிறது. உங்கள் விளம்பரங்கள் மலிவு என்று சொல்வது கடையில் கொடுக்கும் விலையை. எங்கள் கணக்கில் மலிவு என்பது, வாங்கிய பிறகு வரும் இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த வண்டியைப் புரிந்துகொண்டவர்கள் எத்தனை பேர் எத்தனை தொலைவில் இருக்கிறார்கள் என்பது. 800-ம் ஆம்னி வேனும் ஒரே 796 சிசி எஞ்சினைப் பகிர்ந்துகொண்டதால், ஒரு வண்டியைக் கற்றவர் இரண்டையும் கற்றவரானார். ஒன்றின் பாகம் ஆக்ரிக் கடையிலிருந்து, அதாவது பழைய இரும்புக் கடையிலிருந்து, மற்றொன்றுக்கு வந்தது. தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் சாலையில் தகரக் கூரைக்குக் கீழ் பட்டறை வைத்திருக்கும் அறுபத்திரண்டு வயதுக்காரர்தான் இருபது ஆண்டுகளாக என் வண்டியைப் பார்க்கிறார். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சத்தத்தைக் கேட்டே வால்வு இடைவெளியைச் சொல்வார். அப்படிப்பட்ட பட்டறைகள் களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை இருந்ததால்தான் 800 எங்களுக்கு மலிவான காராக இருந்தது. அந்த மலிவில் பாதியைச் செய்தவர்கள் உங்கள் பொறியாளர்கள். மறுபாதியை, ஊதியப் பட்டியலில் பெயரில்லாமல், இவர்கள் செய்தார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். என் மகன் சென்னையிலிருந்து கொண்டுவந்த பெரிய கார், வேறொரு நிறுவனத்தினுடையது, பெயர் இங்கே வேண்டாம், ஓர் ஓணத்தன்று எங்கள் வாசலில் எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு நின்றுகொண்டது. பட்டறைக்காரர் வந்து பார்த்து, "இது என்கிட்ட பேச மாட்டேங்குது அக்கா" என்றார். அந்த வண்டியோடு பேசுவதற்குரிய கருவியும் மென்பொருளும் நிறுவனத்தின் சேவை நிலையத்தில் மட்டுமே இருந்தன. லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சென்சாருக்காகப் பத்தொன்பது நாள் காத்திருந்தோம். பில் தொகையைவிட, நாற்பது ஆண்டுத் தொழில் தெரிந்த ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு நின்ற காட்சிதான் என்னை வருத்தியது.

என் கணவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு டாட்சனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். 1986-இல் மஸ்கட்டில் அவர் முதலில் ஓட்டியது ஒரு டாட்சன் பிக்கப். வளைகுடா போய்வந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் சிமெண்டு மூட்டையும் மணல் காற்றும் கலந்த ஓர் உறவுப் பெயர். நிசான் நிறுவனம் 1981-இல் முடிவெடுத்து, சில ஆண்டுகளில் அந்தப் பெயரைப் படிப்படியாக நீக்கியது. பிறகு 2013-இல் டெல்லியில் அதை மீண்டும் உயிர்ப்பித்து, சென்னைக்கு அருகிலுள்ள ஒரகடத்தில் கோ, கோ பிளஸ், ரெடி-கோ என்று மலிவு விலைக் கார்களைச் செய்து, 2022-இல் இந்தியாவில் நிறுத்திக்கொண்டது. வணிகத்தில் இது நடப்பதுதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் குறைந்த விலைக் காரை வாங்குகிறவர் பெரும்பாலும் வாழ்நாளில் ஒன்றோ இரண்டோதான் வாங்குவார். அந்தப் பெயர் நிலைத்து நிற்குமா என்பதும் அவர் கொடுக்கும் விலையில் சேர்ந்த ஒன்று. நீங்களும் அமெரிக்காவில் 2012-இலும் சீனாவில் 2018-இலும் கார் வணிகத்தை விட்டு வெளியேறியவர்களே. அந்தச் சந்தைகள் பெரிய வண்டிகளின் பக்கம் போனபோது நீங்கள் விலகிக்கொண்டீர்கள். இப்போது இந்தியச் சந்தையும் அதே பக்கம்தான் போகிறது. இங்கிருந்து நீங்கள் போகமாட்டீர்கள் என்பது உறுதி. சிறிய கார் போய்விடுமோ என்பதே என் அச்சம். 2019-இல் ஆம்னி போயிற்று. 2023-இல் ஆல்டோ 800 போயிற்று.

நல்லதை மட்டும் எழுதினால் கணக்கு ஒருபக்கக் கணக்காகிவிடும். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும்போது, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று என் வண்டியை ஒரு கையால் ஒதுக்கித் தள்ளுவதுபோல் இருக்கும். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பத்துக் கிலோமீட்டருக்கு நான் யாரோடும் பேசுவதில்லை. என் வண்டியில் காற்றுப்பை கிடையாது. அது அந்தக் காலம். ஆனால் 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவின் சிறு கார்கள் ஐந்தை மோதிப் பார்த்தபோது, ஆல்டோ 800 உள்பட ஐந்துக்கும் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. 2023-இல் ஆல்டோ கே10-க்குப் பெரியவர் பாதுகாப்பில் இரண்டு கிடைத்தன. 2024 நவம்பரில் உங்கள் டிசையர் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2025-இல் ஆல்டோ கே10-இன் எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகளை வைத்தீர்கள். ஆக, உங்களால் முடியும்; எந்த வண்டிக்கு எப்போது என்பதுதான் கேள்வி. காற்றுப்பை போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். உடற்கூடும் உறுதியாக வேண்டும். கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு டாரஸ் லாரிகள் வரிசையாகப் போகும் சாலையில், விடியற்காலை நான்கு மணிக்கு, இரவுப் பணி முடித்த ஒரு பெண் சிறிய காரில் வருகிறாள். அவள் கையில் பணம் குறைவாக இருந்தது என்பதற்காக அவளுக்குக் கிடைக்கும் தகடும் மெலிந்திருக்கக் கூடாது. விலை சற்று ஏறினாலும் பரவாயில்லை என்று நான் சொன்னால் அவளுக்காகத்தான் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், அதற்கு இப்போது இடமும் உண்டு.

பட்டறைகளைப் பற்றிய என் வேண்டுகோள் புதியதன்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் தனியார் பட்டறைகளுக்கு எட்டாதபடி செய்ததாகப் பதினான்கு கார் நிறுவனங்கள்மீது மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உங்கள் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. பிறகு அது நீதிமன்றங்களுக்குப் போயிற்று; அந்த வழக்குகளுக்குள் நான் போகவில்லை. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுநீக்கும் உரிமை' என்ற பெயரில் இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. கைப்பேசி, வீட்டுச் சாதனம், பண்ணைக் கருவி ஆகியவற்றோடு வாகனங்களும் அதில் அடக்கம். சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்க வேண்டிய தேவை உங்களுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தெருப் பட்டறைகளின் துணையோடு வளர்ந்த நிறுவனம் என்ற வகையில், மற்றவர்களுக்கு முன்னதாக நீங்கள் செய்யலாம்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஆல்டோ கே10-இன் பழுதுநீக்கும் கையேட்டைத் தமிழில், படங்களோடு, பட்டறைக்காரர் வாங்கக்கூடிய விலையில் வெளியிடுங்கள். எங்கள் பட்டறைக்காரருக்கு ஆங்கிலம் வராது, ஆனால் படத்தைப் பார்த்து எதையும் பிரித்து மாட்டுவார். வண்டியின் கணினியோடு பேசும் கருவியை, பதிவு செய்துகொண்ட எந்தப் பட்டறைக்கும் நியாயமான விலையில் கொடுங்கள். அதைக் கையாள ஆண்டுக்கு இரண்டு நாள் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பயிற்சி வையுங்கள். வருகிறவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும் என்பதால் மதியச் சாப்பாடாவது உங்கள் செலவில் இருக்கட்டும். உற்பத்தி நின்ற ஒவ்வொரு மாடலுக்கும் எந்த ஆண்டுவரை எந்தப் பாகம் கிடைக்கும் என்பதை எழுத்தில் அறிவியுங்கள். பாகம் தீர்ந்துபோகும் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ள எங்களுக்குத் தெரியும். அடுத்த ஆல்டோவை வரையும்போது, இந்த மடலில் நான் கொடுத்திருக்கும் முடுக்கின் அளவை உங்கள் வரைபட மேசையில் ஒரு மூலையில் ஒட்டிவையுங்கள்: ஆறரை அடி, வெட்டுக்கல், இரண்டு பக்கமும் பாசி.

அக்காள் மகளிடம் ஆல்டோ கே10 என்றே சொல்லியிருக்கிறேன். கடன் விண்ணப்பம் போட்டாயிற்று. எங்கள் வங்கியிலேயே போட்டிருப்பதால் வட்டிக் கணக்கை நானே ஒருமுறை சரிபார்த்துவிட்டேன். ஏழு ஆண்டுத் தவணை முடிந்த பிறகும் அவள் அந்த வண்டியைப் பதினைந்து ஆண்டாவது ஓட்டுவாள் என்று நான் கணக்கிடுகிறேன்; பட்டறைக்காரரின் மகன் அப்பாவிடம் தொழில் கற்றுக்கொண்டிருக்கிறான், அந்தக் காலத்தில் அவன்தான் அதைப் பார்க்க வேண்டியிருக்கும். அவனுக்குக் கையேடும் கருவியும் கிடைக்குமா என்ற கேள்விக்கு உங்கள் பதில் எனக்கு வேண்டும். என் 800-இன் பதிவு 2029 வரை செல்லும். அதுவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் சோக்கை இழுத்து அதை ஒருமுறை கிளப்பிப் பார்ப்பேன். பதில் அதற்கு முன்னதாக வந்தால் நன்று.

இப்படிக்கு,
தக்கலை வட்டாரத்திலிருந்து,
1994 மாடல் மாருதி 800-இன் உரிமையாளர் ஒருவர்